முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: குருத்தெலும்பு மீண்டும் வளருமா?

கேள்வி:
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களை அன்றைக்கே முழங்காலில் செலுத்தினால் குருத்தெலும்பு வளர்ந்துவிடும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்கிறார்கள். முறிந்த எலும்பு கூடுகிறதே, குருத்தெலும்பும் அப்படி வளராதா?

மறுமொழி 1:
எலும்புக்குள் இரத்த ஓட்டம் உண்டு. முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்ததும், மஜ்ஜையிலும் எலும்புறையிலும் உள்ள மூலச்செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள்) அங்கே திரண்டு புது எலும்பை உருவாக்குகின்றன. தசைக்கும் அப்படியொரு கையிருப்பு உண்டு. தசை இழைகளை ஒட்டியிருக்கும் சேட்டிலைட் செல்கள் எனும் மூலச்செல்களை 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். மூட்டுக் குருத்தெலும்பிலோ இரத்த நாளமும் இல்லை, நரம்பும் இல்லை; அதனால் அது எலும்பைப் போலத் தானாகக் கூடுவதில்லை. அடியிலுள்ள எலும்பில் நுண்துளையிட்டு மஜ்ஜையைக் கசியவிட்டாலும், அங்கே பெரும்பாலும் உருவாவது நார்க் குருத்தெலும்புதான். அது இயல்பான குருத்தெலும்பைப் போல வழுவழுப்பாகவும் இருக்காது, நெடுநாள் உழைக்கவும் செய்யாது.

மறுமொழி 2:
எடுக்கப்படும் மஜ்ஜையில் ஸ்டெம் செல்கள் எத்தனை என்பதையும் பாருங்கள். உட்கரு உள்ள செல்களில் அவை அதிகபட்சம் 10,000-க்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கின்றன. ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்காமல் அன்றைக்கே செலுத்தும் ஊசியில் அவை மிகச் சொற்பமே. இவற்றுக்கு 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று 1991-இல் பெயரிட்ட ஆர்னால்ட் கேப்லன்கூட, இவை புதுத் திசுவாக மாறுவதைவிட, சுரக்கும் பொருள்களால் அழற்சியைத் தணிப்பதே முக்கியம் என்று வலியுறுத்தி, 2017-இல் அந்தப் பெயரையே மாற்றச் சொன்னார். ஆகவே ஊசிக்குப் பின் வலி குறைந்தால், குருத்தெலும்பு வளர்ந்துவிட்டது என்று பொருளில்லை.

மறுமொழி 3:
1994-இல் சுவீடன் மருத்துவர்கள் நோயாளியின் குருத்தெலும்புச் செல்களையே வளர்த்து முழங்காலில் பொருத்தி நல்ல பலன் கண்டதாக வெளியிட்டார்கள். ஆனால் அது காயத்தால் ஓரிடத்தில் ஏற்பட்ட குழிக்கானது. மூட்டு முழுவதும் தேய்ந்த 63 வயதுக்காரருக்கானதன்று. ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ஏற்பு பெறாத ஸ்டெம் செல் சிகிச்சையை முறையான மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம். அந்த மருத்துவமனையிடம் ஆய்வின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள்; அவற்றைக் காட்டாமல் பணத்தைக் கட்டச் சொன்னால், தயங்காமல் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இப்போதே தொடங்கலாம்.