நூலகத்தின் புதிய தேடுபக்கத்தில் ‘கோரைப்பாய்’ கிடைக்கவில்லை: உதவி தேவை

கேட்டவர்: ஆய்வு மாணவி, அம்பாசமுத்திரம் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். பத்தமடைப் பாய் நெசவில் வழங்கும் தொழிற்சொற்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். நான் பதிவு செய்துள்ள பல்கலைக்கழகத்தின் நூலகம் சென்ற மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய நூற்பட்டியல் நிறுத்தப்படுகிறது என்றும், புதிய பட்டியல் கோஹா என்ற நூலக மென்பொருளில் இயங்கும் என்றும், இனி வீட்டிலிருந்தே நூல்களைத் தேடிப் பார்த்துவிட்டு வரலாம் என்றும் அதில் கூறியிருந்தார்கள். இரண்டு பேருந்து மாறி நூலகத்துக்குப் போய் வரும் எனக்கு அது பெரிய உதவியாக இருக்கும் என்று மகிழ்ந்தேன்.

ஆனால், புதிய பக்கத்தில் ‘கோரைப்பாய்’ என்று தேடினால் ஒரு நூல்கூட இல்லை என்று வருகிறது. ‘கோரை’ என்று சுருக்கிப் பார்த்தாலும் அதே விடைதான். தலைப்பிலேயே அச்சொல் உள்ள நூல் ஒன்றை இரண்டு மாதங்களுக்கு முன் அதே நூலகத்தில் வைத்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். கோரையைக் கீறி ஓடும் நீரில் ஊறப்போடும் முறையை விளக்கும் பக்கத்தில் பழுப்புக் கறை ஒன்று இருந்தது வரை நினைவிருக்கிறது. ‘பத்தமடை’, ‘தாமிரபரணி’, ‘நெசவு’, ‘தறி’ ஆகிய சொற்களுக்கு நூல்கள் வருகின்றன. ‘கைத்தொழில்’, ‘பொருநை’, ‘கொற்கை’ ஆகியவற்றுக்கு வரவில்லை. கொற்கையைப் பற்றி ஒரு நூல்கூட இல்லாத நூலகம் நம் பகுதியில் இருக்க முடியுமா? நூல்களைக் கழித்துவிட்டார்களோ என்று அச்சமாக இருக்கிறது.

இன்னொரு ஐயமும் உண்டு. மின்னிதழ்களையும் வீட்டிலிருந்து படிக்கலாம் என்று அதே அறிவிப்பில் இருந்தது. என் பழைய கடவுச்சொல்லை அது ஏற்கவில்லை.

பதில்: முதுகலை மாணவர், பேட்டை

அக்கா, எனக்கும் முதல் வாரத்தில் இப்படித்தான் இருந்தது. உலாவியில் சேமிப்பாகியிருந்த பழைய பக்கங்களை அழித்துவிட்டுத் திறந்த பிறகு சரியாகிவிட்டது. கைப்பேசியை விட்டுக் கணினியிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி தம்பி. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். முன்பு கிடைத்த சொற்கள் இப்போதும் கிடைக்கின்றன, கிடைக்காதவை கிடைக்கவே இல்லை.

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், பாளையங்கோட்டை

அம்மா, முதலில் அச்சத்தை விடுங்கள். நூல்களைக் கழிப்பதற்குக் குழுவும் ஒப்புதலும் பதிவேடும் உண்டு. ஒரு மாதத்தில் ஓசையின்றி நடந்துவிடும் வேலை அன்று அது. நூல் பெரும்பாலும் அதே தட்டில்தான் இருக்கும்.

சொல்லால் கிடைக்காத நூலை எண்ணால் பிடிக்கலாம். உங்கள் நூலகம், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பைப் பின்பற்றுகிறது என்றால், தேடல் வகையை ‘பகுப்பெண்’ என்று மாற்றிக்கொண்டு 746.41 என்று கொடுத்துப் பாருங்கள். நாரும் புல்லும் கொண்டு பாய் முடைவதும் நெய்வதும் அந்த எண்ணில் வரும். தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82, தமிழ்மொழிக்கு 494.811. உங்கள் ஆய்வு தொழிலும் சொல்லும் கலந்தது என்பதால் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. நேரில் போகும்போது அந்த எண்ணுக்கு இருபுறமும் உள்ள நூல்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்து வாருங்கள். முப்பது ஆண்டுகள் அடுக்குகளுக்கிடையே நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேடிப் போகாத நல்ல நூல்கள் அங்கேதான் கிடைக்கும்.

கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. 746.41 என்று தேடியவுடன் என் நூல் வந்துவிட்டது. தலைப்பில் ‘கோரை’ என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. பிறகு அதே சொல்லைத் தேடினால் ஏன் வரவில்லை என்பதுதான் இப்போது இன்னும் புரியவில்லை.

பதில்: கணினித்துறை விரிவுரையாளர், தென்காசி

அண்ணாச்சி சொன்ன எண்வழி உங்கள் வேலையை நடத்திவிடும். காரணத்தை நான் விளக்கப் பார்க்கிறேன். உங்கள் பட்டியலில் கிடைக்காத சொற்களைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள்: கோரை, கைத்தொழில், பொருநை, கொற்கை. எல்லாவற்றிலும் ஒகர ஓகார உயிர்மெய் வருகிறது. கிடைத்த சொற்களில் ஒன்றில்கூட அது இல்லை. ‘நெசவு’ கிடைத்திருப்பதால் ஒற்றைக்கொம்பில் சிக்கல் இல்லை என்பதும் தெரிகிறது.

‘கோ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் (யூனிகோடு) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு வழி. இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கணினிக்குள் இரண்டும் வேறு. ஒருங்குறித் தரத்தின்படி இவ்விரண்டையும் நிகரானவையாகவே கொள்ள வேண்டும் என்றாலும், தேடல் அட்டவணையை அமைத்தவர்கள் அதற்கான ஏற்பாட்டைச் செய்யாவிட்டால் மென்பொருள் அவற்றை வெவ்வேறு சொற்களாகத்தான் எண்ணும். நம் கைப்பேசி விசைப்பலகைகளும் தமிழ்99 விசைப்பலகையும் பொதுவாக ஒற்றைக் குறியையே இடுகின்றன.

பழைய பதிவுகளில் தனித்தனிக் குறி எப்படி வந்தது என்றால், அவை ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கும். பாமினி போன்ற எழுத்துருக்களில் ‘கோ’ என்று எழுத, பழைய தட்டச்சுப் பொறியில் போலவே கொம்பு, ககரம், கால் என்று மூன்று முறை அடிக்க வேண்டும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பிறகும் இத்தகைய பதிவுகள் பல அலுவலகங்களில் அப்படியே இருந்துவந்தன. எழுத்துரு மாற்றும் மென்பொருளான மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கும்போது, கொம்பை ககரத்துக்குப் பின்னால் நகர்த்திய மாற்றி, அதையும் காலையும் ஒன்றாக்காமல் விட்டிருக்கும். பழைய பட்டியலில் பதிவும் தேடலும் ஒரே எழுத்துருவில் இருந்ததால் இந்தக் குறை வெளியே தெரிந்திருக்காது. கோஹாவின் மேல் பழி போடுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நூலின் தலைப்பிலிருந்து ‘கோரை’ என்ற சொல்லைப் படியெடுத்து ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டுங்கள். ‘கோ’வுக்குப் பின்னால் சுட்டியை வைத்து பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்துங்கள். ‘க’ மட்டும் மிஞ்சினால் ஒற்றைக் குறி. ‘கே’ மிஞ்சினால் நான் சொன்னது சரி.

கேட்டவர்

‘கே’ மிஞ்சியது! அந்தத் தலைப்பிலிருந்து படியெடுத்த ‘கோரை’யைத் தேடுபெட்டியில் ஒட்டியபோது மூன்று நூல்கள் வந்தன. அதில் ஒன்று நான் இதுவரை பார்த்திராதது. இதை நூலகத்துக்கு எப்படி எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள்?

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், பாளையங்கோட்டை

குறையாக எழுதாமல் சான்றோடு எழுதுங்கள் அம்மா. ‘தேடல் வேலை செய்யவில்லை’ என்று வரும் கடிதங்களால் பணியாளர்களுக்கு ஒன்றும் செய்ய இயலாது. தேடிய சொல், நீங்கள் அடித்தபோது வந்த எண்ணிக்கை, படியெடுத்து ஒட்டியபோது வந்த எண்ணிக்கை, அந்நூலின் பதிவெண் ஆகியவற்றைப் பத்துச் சொற்களுக்காவது எழுதிக் கொடுங்கள். அந்தப் பதிவுகளை உள்ளிட்டவர்கள் தற்காலிகப் பணியாளர்களாக இருந்து, இப்போது வேறு வேலைக்குப் போயிருக்கவும் கூடும். இருப்பவர்கள் மனம் நோகாதபடி எழுதுவது முறை.

பதில்: கணினித்துறை விரிவுரையாளர், தென்காசி

கடிதத்தில் இரண்டு வரிகள் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பதிவுகளையும் வெளியே எடுத்து, இப்படி இரு விதமாக உள்ள எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒருங்குறி இயல்பாக்கத்தை ஒருமுறை ஓட்டி, மீண்டும் ஏற்றி, தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டினால் போதும். ஒவ்வொரு நூலாகத் திருத்த வேண்டியதில்லை. முன்னதாகப் படி ஒன்றைக் காப்பாக எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

கடவுச்சொல் பற்றி: வெளியிலிருந்து மின்னிதழ்களைத் திறப்பது பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையத்தின் இன்ஃபெட் என்ற உள்நுழைவு ஏற்பாட்டின் வழியாகத்தான். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் உள்ளன. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உங்களுக்கும் அவை உண்டு. நூலகத்தில் பொறுப்பு அலுவலர் உங்கள் பெயரைச் சேர்த்தால்தான் புதிய கணக்கு வரும். பழைய கடவுச்சொல்லை மறந்துவிடுங்கள்.

கேட்டவர் (பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு)

பதினான்கு சொற்களோடு கடிதம் கொடுத்தேன். நூலகப் பணியாளர் என்னை அருகில் அமர்த்திக்கொண்டு பேக்ஸ்பேஸ் சோதனையைத் தாமே செய்து பார்த்தார். நேற்று வந்த அறிவிப்பில் அட்டவணை புதிதாகக் கட்டப்பட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோரைப்பாய், கைத்தொழில், பொருநை, கொற்கை என எல்லாம் கிடைக்கின்றன. இன்ஃபெட் கணக்கும் வந்துவிட்டது. உங்கள் அனைவருக்கும் என் நன்றி.

ஆனால், ‘ஔவையார்’ என்று தேடினால் இன்னமும் ஒன்றும் வரவில்லை.

பதில்: கணினித்துறை விரிவுரையாளர், தென்காசி

எதிர்பார்த்ததுதான். ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்திருப்பார்கள். ‘ஒளவையார்’ என்று அடித்துத் தேடினால் வந்துவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாவிட்டாலும் இங்கே ளகரம் உண்மையான ளகரம் என்பதால் இயல்பாக்கத்தால் இது மாறாது. ‘ஒளி’யில் வரும் ளகரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்பதால் ஒட்டுமொத்தமாக மாற்றவும் கூடாது, சொல் சொல்லாகப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும்.

கேட்டவர்

‘ஒளவையார்’ கிடைத்துவிட்டது, ஐயா. ‘கௌரவம்’, ‘பௌத்தம்’ ஆகிய சொற்களையும் இரண்டு விதமாகவும் தேடிப் பார்த்துப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். இதே நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இத்தகைய சொல் எதையேனும் கண்டால் பதிவெண்ணோடு இங்கே எழுதுங்கள். வரும் திங்கட்கிழமை நூலகத்துக்குப் போகும்போது சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.