மறு: ‘கையால் எழுதியது போன்ற’ எழுத்துரு வகைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

சொற்செயலியின் எழுத்துருப் பட்டியலைத் தமிழாக்குகிறோம். குறிப்புத்தாளில் இயல்பாக எழுதியது போன்ற வகைக்குப் பெயர் வேண்டும். பட்டியலில் இடம் 16 குறியீடுகளுக்குத்தான். ‘கையெழுத்து எழுத்துரு’ 20 ஆகிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தேவை.

> இடம் 16

‘கையெழுத்துரு’ போதும். கை + எழுத்துரு என்று யகர உடம்படுமெய் பெற்றாலும், கையெழுத்து + உரு என்று குற்றியலுகரம் கெட்டாலும் வடிவம் ஒன்றே. ஆறெழுத்து; கணினியின் ஒருங்குறிக் கணக்கில் 12 குறியீடுகள்.

> ‘கையெழுத்துரு’ போதும்

போதாது ஐயா. ‘கையெழுத்துப் போடுங்கள்’ என்றால் ஒப்பமிடத்தான் வருவார்கள். எழுத்தணிக் (அழகெழுத்துக்) கலைஞர் வரைவதும் கையால்தானே? இந்த வகையின் தளர்ச்சியைச் சொல்ல வேண்டும். ‘கிறுக்குரு’ என்பேன். கீறு, கீற்று, கிறுக்கு மூன்றும் ஒரே வேர்; ஓலையில் ஆணி கீறியதே நம் எழுத்து. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்று தொல்காப்பியம் விதித்தும், ஓலை கிழியுமென்று புள்ளியை விட்டவர்கள் நாம்!

> ‘கிறுக்குரு’ என்பேன்

வேர் எதுவானாலும் பயனர் காதில் பைத்தியம்தான் விழும். ‘கூட்டெழுத்து’ என்று தனிமடலில் வந்த யோசனையும் ஆகாது. அதைக் கேட்டால் க்ஷ, ஸ்ரீ நினைவுக்கு வரும். தமிழில் வேகமாக எழுதினாலும் எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியே நிற்கும். 1994இல் வின்சென்ட் கானேர் வரைந்த காமிக் சான்ஸ் என்ற ஆங்கில எழுத்துருவும் ஒட்டாத எழுத்துதான்.

எழுத்துரு வரைபவர்கள் பார்ப்பது வேறு. கோடு ஏறக்குறைய ஒரே தடிப்பு, முனை உருண்டை, அடிக்கோட்டிலிருந்து சற்றே ஏறி இறங்கும் நிலை. ஏற்ற இறக்கம் மிகுந்தால் ‘கு’வின் வால் கீழ்வரியின் ‘கி’யைத் தொடும்; வரி இடைவெளியைக் கூட்ட வேண்டியிருக்கும். ‘ர’வின் சாய்ந்த காலைச் சுருக்கினால் துணைக்காலாகிவிடும், ‘கரம்’ ‘காம்’ ஆகும். ‘அம்மா’வில் இரண்டு மகரமும் அச்சடித்தாற்போல் இருந்தால் கைவாடை போய்விடும். புள்ளியைத் தனிக்குறியாக மேலே ஏற்றாமல், ‘ம்’ என்பதையே தனியாக வரைந்தால் இரட்டிப்பெல்லாம் தானே வேறுபடும். மற்ற இடங்களுக்குச் சூழலுக்கேற்ப மாறும் மாற்றுருக்கள் இரண்டு மூன்று வேண்டும்.

வாழ்த்தட்டை, படக்கதைக் குமிழி, சிறுவர் பயிற்சித்தாள்: இவற்றுக்கு நன்று. நீண்ட பத்திக்கு வேண்டாம். சிற்றளவில் ண, ஞ சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

> தளர்ச்சியைச் சொல்ல வேண்டும்

அப்படியானால் ‘தளர்கையுரு’?

> ‘தளர்கையுரு’?

தளர்நடை குழந்தைக்கு, தளர்கை முதியவருக்கு. நடுங்கும் கையெழுத்தென்றே படும் அம்மா.

> அனைவருக்கும்

‘கையெழுத்துரு’வுக்கு ஐவர், ‘கிறுக்குரு’வுக்கு ஒருவர், ‘தளர்கையுரு’வுக்கு ஒருவர். முதலாவதையே இடுகிறேன். ஒப்பக் கட்டளையைக் ‘கையொப்பம்’ என்று மாற்றினால் குழப்பம் வராது.

> ‘கையெழுத்துரு’வுக்கு ஐவர்

ஒப்பக் கட்டளை மாற்றத்தை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை. எழுத்தணி எழுத்துருக்களுக்குத் தனிவகை வரும்போது அதற்கும் இதே பெயரையா வைப்போம்? மறுப்பைச் சரத்தின் (தமிழாக்கும் சொல்வரியின்) குறிப்பில் பதியுங்கள்.