தொலைமருத்துவம் வந்துவிட்டால் தொலைதூரக் கிராமத்துக்கு மருத்துவர் வேண்டாமா?

நெடுவழி:
மருத்துவர் எட்டாத ஊர்களுக்குக் காணொளி வழியாக ஆலோசனையைக் கொண்டுசேர்ப்பதே இன்று உடனடியாகச் செய்யக்கூடிய வேலை என்று கருதுகிறேன். நீரிழிவு நோயாளி ஒருவர் மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பதற்காக மட்டும் ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. மனநல ஆலோசனையில் பெரும்பாலும் தொட்டுப் பார்க்கும் தேவையே எழுவதில்லை. நீரிழிவால் விழித்திரை கெடத் தொடங்குவதை, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பினால், பார்வை மங்கும் முன்பே எங்கோ இருக்கும் கண் மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். இத்தனை இருந்தும் மருத்துவரை அங்கேயே குடியமர்த்தும் நாள் வரட்டும் என்று காத்திருப்பது நியாயமாகாது.

இளவேனில்:
நெடுவழி அவர்களே, நீங்கள் குறிப்பிட்டவை யாவும் நோய் இன்னதென்று ஏற்கெனவே தெரிந்த, அல்லது படத்தில் தெரியக்கூடிய நிலைமைகள். வயிற்று வலியோடு வருபவரின் வயிற்றை அழுத்திப் பார்க்காமல், அது குடல்வால் அழற்சியா வெறும் செரிமானக் கோளாறா என்பதை யார் உறுதி செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, தொலைமருத்துவம் நேரடிச் சிகிச்சைக்குத் துணையாக இருக்க வேண்டுமேயன்றி அதற்கு மாற்றாகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அதைப் பரிந்துரைக்கிறது. என் அச்சமும் அதுவே. திரை ஒன்றை மாட்டிவிட்டால், காலிப் பணியிடத்தை நிரப்ப வேண்டிய நெருக்கடி நிர்வாகத்துக்கு இல்லாமல் போய்விடும்.

நெடுவழி:
உங்கள் அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் அனுபவம் வேறு விதமாகவும் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003 இல் தொடங்கிய 'எக்கோ' திட்டத்தைப் பாருங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி என்ற வைரஸ் நோய்க்கு அப்போதிருந்த சிகிச்சை நீண்டது, பக்கவிளைவுகள் மிகுந்தது; அதை அளிக்கத் துணிந்த சிறப்பு மருத்துவர்களோ மிகச் சிலர். கிராமப்புற மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் நிலையைக் காணொளிக் கூட்டங்களில் எடுத்துரைத்து, வல்லுநர்களோடு கலந்து முடிவெடுத்தார்கள். 2011 இல் வெளியான முடிவுகளின்படி, பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினரிடமும் கிராமப்புற மையங்களிலும் சிறைகளிலும் 58.2 விழுக்காட்டினரிடமும் வைரஸ் முற்றிலும் நீங்கியிருந்தது. தொலைவு தரத்தைக் குறைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இளவேனில்:
இந்தச் சான்று என் தரப்புக்கே வலுச் சேர்க்கிறது. அங்கே நோயாளியின் அருகில் ஒரு மருத்துவர் இருந்தார்; திரை அவருக்கு உதவியது, அவருடைய இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான் கேட்பதும் அதைத்தான்.

கடைக்கோடிச் செவிலி:
சிறிய சுகாதார நிலையமொன்றில் பணியாற்றும் செவிலி என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவதாக, நீங்கள் இருவரும் மருத்துவரைப் பற்றியே பேசுகிறீர்கள். திரையின் இந்தப் பக்கத்தில் இரத்த அழுத்தத்தை அளப்பதும், குழந்தையின் மூச்சு எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்வதும், மருத்துவர் சொன்னதை நோயாளிக்குப் புரியும்படி எடுத்துரைப்பதும் எங்கள் கைகள். எங்களுக்குப் பயிற்சியும் நேரமும் ஒதுக்கப்படாவிட்டால், எவ்வளவு சிறந்த வல்லுநரும் அந்த முனையில் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது, நேரடிக் காணொளியைக் கட்டாயமாக்காதீர்கள். அலாஸ்காவின் ஒதுக்குப்புறக் குடியிருப்புகளில் காதின் உட்புறத்தைப் படமெடுத்து, விவரங்களோடு சேர்த்து அனுப்பிவைக்கிறார்கள். வல்லுநர் தமக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துப் பதில் அனுப்புகிறார். இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் இந்த முறைதான் நிலைத்து நிற்கும்.

மருந்து பற்றி இங்கே எவருமே பேசவில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. 1928 இல் பறக்கத் தொடங்கிய ஆஸ்திரேலிய வான்வழி மருத்துவச் சேவை, 1942 முதல் தொலைதூரக் குடியிருப்புகளில் மருந்துப் பெட்டிகளை வைத்துவருகிறது. பெட்டியிலுள்ள ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் உண்டு. தொலைவிலிருக்கும் மருத்துவர் எண்ணைச் சொன்னால், இங்கிருப்பவர் அதை எடுத்துக் கொடுக்கலாம். வானொலியில் வெறும் குரலை மட்டும் வைத்துக்கொண்டே இதைச் செய்தார்கள். மருந்து அங்கேயே இருந்ததால்தான் அந்தக் குரலுக்குப் பயன் இருந்தது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் கணவரிடம் என்றிருக்கும்போது, தன் மாதவிடாய்க் கோளாறையோ வீட்டில் படும் அடியையோ ஒரு பெண் அந்தக் கைபேசியில் எப்படிச் சொல்வார்? ஆகவே ஆலோசனை, கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய அறையுள்ள சுகாதார நிலையத்தில் நடக்கட்டும்.

நெடுவழி:
செவிலி அவர்கள் சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும், மருத்துவர் இருந்தால்தான் திரை என்ற இளவேனிலின் நிபந்தனையை ஏற்க மாட்டேன். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் வசதியிருந்தும் நரம்பியல் மருத்துவர் இல்லாத சிறு மருத்துவமனையில், அந்த முடிவைத் தொலைவிலிருந்தே எடுக்க முடியும். நியமனம் நடக்கும்வரை அந்த நோயாளியின் மூளை காத்திருக்காது.

இளவேனில்:
அந்தச் சிறு மருத்துவமனையிலும் ஊசி போட்டு நோயாளியைக் கண்காணிக்க ஒரு மருத்துவர் இருப்பார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நான் எழுத்தில் கேட்பவை மூன்று. தொலைவிலிருப்பவர் உடனே பெரிய மருத்துவமனைக்கு மாற்றச் சொன்னால் வாகனத்தை ஏற்பாடு செய்வது யார்? நோயாளியை மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை எது? முடிவு தவறினால் பொறுப்பு செவிலியின் தலையில் விழாது என்பதற்கு என்ன உறுதி? இவற்றுக்கு விடையில்லாத திட்டத்தை, எத்தனை உயர்ந்த கருவி வாங்கினாலும், எதிர்ப்பேன்.

கடைக்கோடிச் செவிலி:
மூன்றாவது கேள்விக்கு நன்றி. அதை எங்களுக்காகக் கேட்பவர்கள் குறைவு. மாதாந்திர அறிக்கைப் படிவத்தில் எத்தனை பேருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது என்பதோடு, எழுதிக்கொடுத்த மருந்து கிடைத்ததா, மாற்றி அனுப்பப்பட்டவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாரா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவற்றுக்கான விடைகளை நாங்கள் நிரப்பித் தருகிறோம்.