நாட்காட்டியில் ‘ஈரா’: சகாப்தமா, கால்கோளா, ஆண்டுத்தொடரா?

அன்புடையீர்,
நாட்காட்டிச் செயலி ஒன்றின் தமிழாக்கத்தை நாளை இரவுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல் இழுக்கிறது: ஆங்கில ‘ஈரா’ (era). 2025 மே 1 என்று உள்ளிட்டால் திரை அதே நாளுக்குச் சக 1947, ஹிஜ்ரி 1446, கொல்லம் 1200, தாய்லாந்தின் பௌத்தக் கணக்கில் 2568, ஜப்பானில் ரெய்வா 7 என்று காட்டுகிறது. எண்ணுக்கு முன் நிற்கும் அந்தப் பெயருக்குத் தலைப்பு வேண்டும். இப்போதைக்குச் ‘சகாப்தம்’ என்று இட்டிருக்கிறேன்.

---

> ‘சகாப்தம்’ என்று இட்டிருக்கிறேன்

வேண்டாம் ஐயா. சக + அப்தம்: சக ஆண்டு. கி.பி. 78-ஐ ஒட்டித் தொடங்கும் ஒரு கணக்கின் பெயர் அது. ‘ஹிஜ்ரி சகாப்தம்’ என்றால் ஹிஜ்ரி சக ஆண்டு என்றல்லவா ஆகிறது?

‘கால்கோள்’ என்போம்; தொடக்கம் என்று பொருள். சிலம்பில் ஒரு காதைக்கே அந்தப் பெயர் உண்டு. கொள் என்பது நீண்டு கோள். முதனிலை திரிந்த தொழிற்பெயர். வானத்துக் கோளும் அதே கொள்தான். வடமொழிக் கிரகத்துக்கும் பற்றுதல்தானே பொருள்!

---

நல்ல சொல்தான். ஆனால் நாட்காட்டியில் கோள் என்று கண்டால் செவ்வாயும் வியாழனும்தான் நினைவுக்கு வரும். மேலும், கால்கோள் ஒரு நாளில் முடிந்துவிடும்; நமக்கு வேண்டியது அந்த நாளிலிருந்து ஓடும் கணக்கு.

சக என்பதும் பொதுப்பெயராகியிருக்கிறது. சிவாஜி முடிசூடிய 1674 முதல் எண்ணும் கணக்கை மராத்தியில் சிவ சகம் என்கிறார்கள்.

ஜப்பானைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 30 ஹெய்செய் 31; மறுநாள் ரெய்வா 1. ஆண்டின் நடுவிலேயே பெயர் மாறி, எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதனால் ‘ஆண்டுத்தொடர்’ என்கிறேன். விசுவாவசுவை இந்தக் கட்டத்தில் இட்டுவிடாதீர்கள். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஆண்டுப்பெயர், தொடர் ஆகாது.

---

இன்று வகுப்பில் மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். சகாப்தம் என்றதும் ஒரு மாணவி, “பெரியவர்கள் மறைந்தால் ‘ஒரு சகாப்தம் முடிந்தது’ என்று எழுதுவார்களே, அதுவா?” என்றாள். கால்கோளை ஒருவரும் அறியவில்லை. ஆண்டுத்தொடர் விளக்காமலே புரிந்தது.

---

‘ஆண்டுத்தொடர்’ என்று வைத்துக் கோப்பை அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

---

தொடக்க நாள் என்ற கட்டத்துக்காவது கால்கோளை இட்டிருக்கலாம். மாணவர்கள் அறியாத சொல்லை வேறு எங்கே அறிமுகப்படுத்துவது? அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.