லாக்டேஸ் மாத்திரை: எப்போது போடுகிறோம் என்பதுதான் முக்கியம்

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டேஸ் மாத்திரை (பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் நொதி) உண்மையிலேயே வேலை செய்யுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எனக்குச் செய்கிறது. "போட்டும் பலனில்லை" என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் சாப்பிட்டு முடித்து வயிறு உப்ப ஆரம்பித்த பிறகுதான் போட்டிருக்கிறார்கள். அப்போது போட்டு என்ன பயன்? சிறுகுடலில் உடைய வேண்டிய லாக்டோஸ் உடையாமல் பெருங்குடலுக்குப் போய், தண்ணீரை இழுத்துக்கொண்டு, அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கத் தொடங்கியதால்தான் அந்த உப்புசமே வருகிறது. மாத்திரையின் வேலை அதற்கு முந்தைய கட்டத்தோடு முடிந்துவிடும்.

அதனால் நான் முதல் வாய் சாப்பிடும்போதே போட்டுவிடுவேன். விருந்து மாதிரி நீண்ட சாப்பாடு, கடைசியில் ஐஸ்கிரீம் வேறு என்றால், முக்கால் மணி நேரம் கழித்து இன்னொன்று.

வாங்கும்போது அட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று பார்ப்பதைவிட எஃப்சிசி யூனிட் எவ்வளவு என்று பாருங்கள், நொதியின் வீரியத்தைச் சொல்வது அதுதான். 3000, 4500, 9000 என்று பல அளவுகளில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 விதிப்படி, லாக்டோஸ் செரிக்க உதவும் என்று பெட்டியில் போட வேண்டுமானால், பால் சேர்ந்த ஒவ்வொரு உணவோடும் குறைந்தது 4500 யூனிட் எடுக்கச் சொல்ல வேண்டும். நானும் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

எல்லாவற்றுக்கும் மாத்திரை தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கப் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, அந்த அளவை ஒரே வேளையில் எடுத்தாலும் பலருக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காபியில் விடும் கொஞ்சம் பாலுக்கு நான் போடுவதே இல்லை. நாள்பட்ட கெட்டியான சீஸில் லாக்டோஸ் மிகக் குறைவு. தயிரில் இருக்கும் பாக்டீரியாக்களே பாதி வேலையைப் பார்த்துவிடுகின்றன.

---

நான் மாத்திரை பக்கமே போவதில்லை, லாக்டேஸ் சொட்டு மருந்துதான். பாலில் விட்டுக் கலக்கி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் லாக்டோஸில் பெரும்பகுதி குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிரிந்துவிடும். பால் கொஞ்சம் இனிக்கும், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். கொதிக்கிற பாலில் மட்டும் விடவே கூடாது, சூட்டில் நொதி செத்துவிடும். காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு விடுங்கள்.

---

இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கை மகனுக்குப் பால் அலர்ஜி. "அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பால் கொடேன்" என்று உறவினர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் கேட்கும்போதே எனக்குப் பதறுகிறது. அவனுக்குப் பிரச்சினை பாலில் உள்ள புரதம், சர்க்கரை இல்லை. லாக்டேஸ் புரதத்தைத் தொடாது. உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் இதெல்லாம் வந்தால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். தயவுசெய்து மாத்திரையை வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

---

சர்க்கரை நோய் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். என் அப்பா லாக்டேஸ் எடுக்கத் தொடங்கியபோது, செரித்த லாக்டோஸ் குளுக்கோஸாக ரத்தத்தில் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள் என்று மருத்துவர் சொன்னார். முன்பு செரிக்காமல் வெளியே போனது இப்போது உள்ளே சேர்கிறது அல்லவா.

---

மேலே எழுதியவர்கள் எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அலர்ஜி பற்றிச் சொன்னவருக்கு. நான் விட்ட இன்னொன்று: திடீரென்று பால் ஒத்துக்கொள்ளாமல் போனால், நேராக மாத்திரை வாங்கப் போகாமல் ஏன் என்று பாருங்கள். வயிற்றுப்போக்கு வந்து குடல் புண்பட்ட பிறகு சில வாரம் இப்படி இருந்து தானாகவே சரியாகிவிடலாம், சீலியாக் (கோதுமையில் உள்ள புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படுவது) போன்ற நோயும் காரணமாக இருக்கலாம். லாக்டோஸ் செரிக்கிறதா என்று அறிய, அதன் கரைசலைக் குடிக்கவைத்து, மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. சில மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், ஊசி எதுவும் கிடையாது. மாத்திரையை மாதக்கணக்கில் நம்பி இருக்கப் போகிறவர்கள் அதை முதலில் செய்துகொள்வது நல்லது.