ஒரே ஒலியில் இரண்டு இலியம்: எப்படிப் பிரிப்பது?

புதுஹெட்போன்:
மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது டாக்டர் பேசிப் பதிவு செய்த குறிப்பைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை, அதற்கான பயிற்சியில் இருக்கிறேன். டாக்டர் ‘இலியம்’ என்கிறார். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஈ போட்டால் (ileum) சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ போட்டால் (ilium) இடுப்பெலும்பு. டிஸ்பேஜியாவும் டிஸ்பேசியாவும், பெரோனியலும் பெரினியலும்கூட இப்படித்தான் படுத்துகின்றன. ஆடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் பிடிபடவில்லை. அனுபவமுள்ளவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழையஎடிட்டர்:
தம்பி, இலியத்தைக் காதால் பிரிக்க முடியாது. அக்கம்பக்கத்தைப் பாருங்கள். கொலனோஸ்கோபி, கிரோன்ஸ், ‘டெர்மினல்’ என்று வந்தால் குடல். எலும்பு மஜ்ஜை பயாப்ஸி, ‘கிரெஸ்ட்’ என்று வந்தால் இடுப்பு. சில நேரம் டாக்டரே வழி காட்டிவிடுவார்: குடலுக்கு ‘இலியல்’ என்பார், இடுப்புக்கு ‘இலியாக்’ என்பார்.

பெரோனியலை அதன் வேரோடு படியுங்கள், அப்புறம் மறக்காது. கிரேக்கத்தில் பெரோனே என்றால் துணியைச் சேர்த்துக் குத்தும் ஊசி. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லியான எலும்புக்கு அந்தப் பெயர் வந்தது. அங்கே ஓடும் நரம்பு அடிபட்டால் பாதத்தைத் தூக்க முடியாது; ‘ஃபுட் டிராப்’ என்று டிக்டேஷனில் கேட்பீர்கள். பெரினியல் என்பது மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே உள்ள இடம். பிரசவக் குறிப்புகளில் கிழிசல், தையல் என்று வரும். 1998-இல் வந்த சர்வதேச உடற்கூற்றுச் சொற்பட்டியலே பெரோனியலுக்கு ‘ஃபிபுலார்’ என்ற பெயரை முன்னால் வைத்தது. ஆனாலும் டாக்டர்கள் வாயிலிருந்து பெரோனியல் போகவில்லை.

பேச்சுப்பயிற்சி:
டிஸ்பேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்பேசியா மொழியில் சிரமம். ‘பேசியா’வில் நம் ‘பேசு’ கேட்கிறது அல்லவா? தற்செயல்தான், ஆனால் நன்றாக உதவும். பேரியம் பரிசோதனை, கெட்டியாக்கிய திரவம் என்று வந்தால் விழுங்கல். பொருளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள் என்றால் மொழி. குழப்பம் வேண்டாம் என்று எங்களில் பலர் டிஸ்பேசியாவை ‘அபேசியா’ என்றே எழுதுகிறோம்.

புதுஹெட்போன்:
நன்றி அக்கா. நோயாளிக்குப் பக்கவாதம் என்று மட்டும் இருந்தால்?

பேச்சுப்பயிற்சி:
அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாதத்தில் இரண்டுமே வரலாம், சேர்ந்தும் வரலாம்.

பழையஎடிட்டர்:
அப்படியானால் பிளாங்க் விடுங்கள். லைன் எண்ணிக்கைக்காக ஊகித்து நிரப்பச் சொல்லும் இடங்கள் உண்டு. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். டிஸ்பேஜியாவை டிஸ்பேசியா என்று எழுதிவிட்டு, அதை நம்பி விழுங்க முடியாதவருக்கு வாய்வழியே உணவு கொடுத்தால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். ஆடியோவில் எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறித்து, தரம் சரிபார்க்கும் க்யூ.ஏ. குழுவுக்கு அனுப்புங்கள். அவர்களுக்கும் பிடிபடாவிட்டால் டாக்டரிடமே கேட்டுவிடுவார்கள்.