லித்தியம் மாத்திரையை நிறுத்தலாமா? ரத்தப் பரிசோதனை எதற்காக?

கேள்வி: மேலூர்வாசி

என் அண்ணன், மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய்க்காகப் பல ஆண்டுகளாக லித்தியம் சாப்பிட்டு வருகிறார். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில்தான் காட்டி வருகிறோம். டீ டம்ளரைக் கையில் வாங்கினால் விரல்கள் லேசாக நடுங்கி விளிம்பில் தளும்புமே தவிர, அவரிடம் வேறு குறை எதுவும் இல்லை. கடையைத் தாமே கவனித்துக்கொள்கிறார். இவ்வளவு நன்றாக இருப்பவருக்கு இன்னும் எதற்கு மாத்திரை என்று சித்தப்பா கேட்கிறார். அண்ணனுக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டது. தவிர, இந்தச் சித்திரையில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்திருப்பதால், விரதம் என்று சொல்லி உப்பையும் குறைத்துவிட்டார். மற்ற மாத்திரைகளுக்குக் கேட்காத ரத்தப் பரிசோதனையை இதற்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள், மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

உங்கள் சித்தப்பாவின் கேள்வியை மருத்துவ உலகம் 1960-களிலேயே கேட்டு, சோதனை செய்தே விடை கண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜான் கேட், பித்துநிலையில், அதாவது அந்த மிதமிஞ்சிய உற்சாகத்தில், இருந்த பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்துக் கண்ட பலனை 1949-இல் வெளியிட்டார். டென்மார்க்கின் மோகென்ஸ் ஷோ, யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்து, 1954-இல் அதை உறுதிப்படுத்தினார். பித்து தணிந்த பிறகும் மருந்தைத் தொடர்ந்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று அவரும் போல் கிறிஸ்தியன் பாஸ்ட்ரப்பும் 88 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 1967-இல் எழுதியபோதுதான் சர்ச்சை மூண்டது. லண்டனின் பாரி பிளாக்வெல்லும் மைக்கேல் ஷெப்பர்டும், நோய் தானாகவே அடங்கியிருக்கக் கூடாதா என்று மறுத்தார்கள். ஷோவின் சொந்தத் தம்பியே இந்த மருந்தால் தேறியவர் என்பதால், அந்தச் சந்தேகத்தை வெறும் பொறாமை என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

1970-இல் டென்மார்க் குழு விடை சொன்னது. லித்தியம் சாப்பிட்டு நன்றாக இருந்த 84 பேரில் 39 பேருக்கு வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. ஐந்து மாதங்களுக்குள் அவர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. உங்கள் அண்ணன் நன்றாக இருப்பதற்கே மாத்திரை காரணமாக இருக்கலாம் என்பதைச் சித்தப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பதில்: திருமங்கலம் வாசகர்

ஐயா சொன்ன கணக்கு சரிதான். ஆனால் நோயாளிகளுக்குத் தெரியாமலேயே மருந்தை மாற்றி, நோய் திரும்புகிறதா என்று பார்த்த முறையை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். தவிர, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 18 பேர் அந்தக் காலத்துக்குள் நன்றாகவே இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. யார் எந்தப் பக்கம் விழுவார் என்பது முன்கூட்டித் தெரியாததுதான் சிக்கல். நிறுத்துவதென்று மருத்துவரே முடிவெடுத்தாலும் படிப்படியாகத்தான் குறைப்பார்; சட்டென்று விடும்போதுதான் நோய் திரும்பும் அபாயம் மிகுதி.

பதில்: செவிலியர்

எனக்கு விரதத்தைப் பற்றித்தான் அதிகக் கவலை. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறத்தாழ ஒரே விதமாக நடத்துகிறது; உப்பு குறைந்து, வெயிலில் உடல்நீரும் வற்றினால், சோடியத்தைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்தே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கிவிடும். பயன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி இருப்பதால்தான் பரிசோதனை கேட்கிறார்கள். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்ப்பதும் இதே மருந்துக்காகத்தான்.

நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. வழக்கமான உப்போடு சாப்பிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டே செய்யட்டும். முன்னதாக மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கம் கூடினாலோ, வாந்தி வயிற்றுப்போக்கு வந்தாலோ, பேச்சு குழறி நடை தள்ளாடினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்குகிறாரா என்பதையும் பாருங்கள். அவற்றில் பல லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும்.

மேலூர்வாசி

அனைவருக்கும் நன்றி. மூட்டு வலிக்கென்று அண்ணன் வாங்கி வைத்திருந்த அட்டையில் டைக்ளோஃபெனாக் என்று இருக்கிறது, பாதி காலியாகிவிட்டது. அடுத்த முறை வரை காத்திராமல், நாளைக்கே அட்டையோடு ஓ.பி.க்கு அழைத்துப் போகிறேன். சித்தப்பாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.